மூன்று லாரித் தண்ணீர்

அம்பத்தூர் தொழிற்பேட்டை ஓரத்து டீக்கடையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த லேத் பட்டறைக்காரர் கேட்டார்: "எங்க தெருவுக்குப் பின்னால டேட்டா சென்டர் வரப்போகுதுன்னு பேச்சு அடிபடுது சார். உள்ள வெறும் கம்ப்யூட்டர்தானே? புகை இல்ல, சாயக்கழிவு இல்ல. கூட்டம் போட்டா நாங்க என்னத்தைக் கேக்கறது?"

மாஸ்டர் டீ ஆற்றுவதைக் காட்டினேன். உயரத் தூக்கி ஊற்றும்போது ஆவி பறக்கிறது, டீ குடிக்கிற பதத்துக்கு வருகிறது. சூட்டைக் கொண்டு போவதில் அந்த ஆவிக்குப் பெரிய பங்கு. டேட்டா சென்டரில் அடுக்கடுக்காக நிற்கும் சர்வர்கள் இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. அதை இரவு பகல் ஓயாமல் ஆற்றியாக வேண்டும். பல இடங்களில் கூலிங் டவர் வைத்துத் தண்ணீரை ஆவியாக்கித்தான் ஆற்றுகிறார்கள்.

அவர் கணக்கு பார்க்கிற மனிதர். அதனால் கணக்காகவே சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரத்தின் சூடு அதோடு போகும். மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள். ஒரு மெகாவாட் நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட். அவ்வளவு சூட்டையும் ஆவியாலேயே போக்கினால் 36,000 லிட்டர். உங்கள் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று நடை, தினமும். இது ஒரே ஒரு மெகாவாட்டுக்கு; பெரிய டேட்டா சென்டர்கள் பத்து, இருபது மெகாவாட்டுக்கு மேலும் போகின்றன.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். 2019 ஜூலையில், தண்ணீர்ப் பஞ்சத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்கிற வயதா அவருக்கு!

தண்ணீரை ஆவியாக்காமல் காற்றாலும் குளிர்விக்கலாம். தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும். மின்சாரச் செலவு கூடும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது: எத்தனை மெகாவாட், எந்த முறைக் குளிரூட்டல், கோடையில் நாளுக்கு எத்தனை லிட்டர்? கரண்ட் போனால் ஓட வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள் நிற்கும். சோதனைக்கு எப்போது ஓட்டுவார்கள் என்றும் கேட்கலாம்.

"யாரைக் கேக்கறது?" என்றார். இங்கேதான் எனக்கு மனம் ஆறுவதில்லை. சிமென்ட் ஆலையோ அனல் மின்நிலையமோ வந்தால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், தலைமைக்குக் கலெக்டர் அல்லது அவர் பிரதிநிதி. டேட்டா சென்டரோ கட்டுமானத் திட்டம் என்ற கணக்கில் போகிறது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் அந்த வகைக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. அடுக்குமாடி வீட்டுக்கு அது பொருந்தலாம். ஊர்த் தண்ணீரை ஆவியாக்கக் கூடிய ஒன்றுக்கும் அதே விலக்கு என்பது சரியே இல்லை.

கூட்டம் போடுவார்கள் என்று காத்திருந்தால் கட்டடம் எழும்பிவிடும். சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். அதைத் தேடிப் படிக்க வேண்டும். வார்டில் பகுதி சபை கூடும்போது கேள்வியை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் என்று ஒரு பாலைவன நகரம். 2025 ஜூனில் அதன் வெளிப்புறத்தில் 290 ஏக்கரை 'புராஜெக்ட் புளூ' என்ற டேட்டா சென்டருக்கு விற்க, பீமா மாவட்ட நிர்வாகக் குழு மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதையே ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டிச் சொல்லவில்லை. அடுத்த படி, அந்த இடத்தை நகர எல்லைக்குள் சேர்ப்பது. சேர்த்தால்தான் நகரத்துத் தண்ணீர் கிடைக்கும். மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து மைக்கைப் பிடித்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று நகர மன்றத்தில் ஏழு பேரும் மறுத்து வாக்களித்தார்கள். திட்டம் சாகவில்லை, நிறுவனம் நகரத் தண்ணீரை விட்டுவிட்டு, காற்றால் குளிர்விக்கும் வடிவத்தோடு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. மின்சாரக் கேள்வி அதோடு ஓயவில்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் முடியாது என்பதுபோல் வந்த திட்டம், கேட்டபின் மாறியது.

"அப்ப வேணாம்னு சொல்லணுமா?" என்றார்.

அப்படி இல்லை. நம் போனில் இருக்கிற படமும் பணமும் ஏதோ ஒரு டேட்டா சென்டரில்தான் இருக்கின்றன. எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. கோயம்பேட்டில் கழிவுநீரை நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை சுத்திகரித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் நிலையம் 2019 முதல் இருக்கிறது. அதுபோன்ற தண்ணீரில்தான் உங்கள் பக்கத்து டேட்டா சென்டரும் ஓடுமா, அந்தக் குழாய் உங்கள் தெருப் பக்கம் எந்த வருஷம் வரும், அதுவரைக்கும் எந்த போர்வெல் என்று கேளுங்கள்.

அவர் பட்டறைப் பையனிடம் பேனா வாங்கி, உள்ளங்கையில் 36,000 என்று எழுதிக்கொண்டார்.