100 ரூபாய் அனுப்ப 3,000 ரூபாய் கட்டணமா? - எத்தீரியத்தின் ‘லேயர் 2’ எப்படி வேலை செய்கிறது?

நண்பருக்கு 100 ரூபாய் அனுப்ப 3,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் என்றால் யாராவது அனுப்புவார்களா? 2021 மே மாதத்தில் எத்தீரியம் பிளாக்செயினில் கிட்டத்தட்ட இதுதான் நிலைமை. ஒரு பரிவர்த்தனைக்கான சராசரிக் கட்டணமே 50 டாலரைத் தாண்டிய நாட்கள் அந்த மாதத்தில் உண்டு.

காரணம் சிம்பிள்: இடப் பற்றாக்குறை. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியாகச் சரிபார்க்கின்றன. இதனால் நம்பகத்தன்மை கிடைக்கும், வேகம் கிடைக்காது. அப்போது விநாடிக்குச் சுமார் 15 பரிவர்த்தனைகள்தான் ஓடின. கூட்டம் சேர்ந்தால், யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கே முதலில் இடம்.

ஷேர் ஆட்டோ கணக்கு

இதற்கு வந்த தீர்வுதான் ‘லேயர் 2’. அதாவது, மெயின் செயினுக்கு மேல் இயங்கும் இரண்டாவது அடுக்கு. ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் எல்லாம் இந்த ரகம்.

தனி ஆட்டோ பிடித்தால் முழுக் கட்டணமும் நம் தலையில். ஷேர் ஆட்டோ என்றால் பிரித்துக்கொள்ளலாம். லேயர் 2-ம் அப்படித்தான். பரிவர்த்தனைகள் மெயின் செயினுக்கு வெளியே நடக்கும். ‘சீக்வென்சர்’ என்ற கணினி அவற்றை வரிசைப்படுத்தும். பிறகு நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகளின் தரவு சுருக்கப்பட்டு, ஒரே மூட்டையாக எத்தீரியத்தில் பதிவாகும். அந்தப் பதிவுக்கான செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். இந்த முறைக்கு ‘ரோல்-அப்’ என்று பெயர்.

2024 மார்ச் 13 அன்று வந்த ‘டென்குன்’ அப்டேட் இந்தச் செலவை இன்னும் குறைத்தது. மூட்டைகளை வைக்க ‘பிளாப்’ என்ற தற்காலிக இடம் கிடைத்தது. சுமார் 18 நாட்களில் அந்தத் தரவை அழித்துவிடலாம் என்பதால் விலையும் மலிவு. பல லேயர் 2 நெட்வொர்க்குகளில் கட்டணம் சில சென்ட்டுகளுக்கு இறங்கியது.

தப்புக் கணக்கு எழுதினா?

இரண்டு வழிகள் உண்டு. ‘ஆப்டிமிஸ்டிக்’ முறையில், எழுதிய கணக்கு சரி என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். தவறு இருந்தால் நிரூபிக்க சுமார் 7 நாட்கள் அவகாசம். அதனால்தான் ஆர்பிட்ரத்தின் அதிகாரபூர்வ ‘பிரிட்ஜ்’ வழியாகப் பணத்தை எத்தீரியத்துக்குத் திரும்ப எடுக்க ஒரு வாரம் ஆகிறது.

இன்னொன்று ‘இசட்கே’ முறை. ஒவ்வொரு மூட்டையுடனும், கணக்கு சரி என்பதற்கான கணித ஆதாரமும் போகும். அதை எத்தீரியமே சரிபார்க்கும். ஆட்சேபத்துக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டார்க்நெட் இந்த வகை.

சிக்கல் எங்கே?

பெரும்பாலான லேயர் 2-களில் சீக்வென்சரை நடத்துவது ஒரே நிறுவனம். அது நின்றால் எல்லாம் நிற்கும். 2023 டிசம்பர் 15 அன்று ஆர்பிட்ரத்தின் சீக்வென்சர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முடங்கியது. 2024 ஜூனில் லினியா நெட்வொர்க்கில் இயங்கிய ஒரு செயலி ஹேக் ஆனபோது, நடத்துபவர்களே நெட்வொர்க்கைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். திருட்டைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால், ‘யாராலும் நிறுத்த முடியாது’ என்று பிளாக்செயினை நம்பி வந்தவர்களுக்கு அது ஷாக்.

சீக்வென்சர் நம் பரிவர்த்தனையைக் கண்டுகொள்ளாவிட்டால் என்ன செய்வது? ஆர்பிட்ரத்தில் அதற்கு மாற்றுப் பாதை உண்டு. பரிவர்த்தனையை நேரடியாக எத்தீரியத்தில் சமர்ப்பித்து, சுமார் 24 மணி நேரத்துக்குப் பிறகு கட்டாயமாகச் சேர்க்க வைக்கலாம். இந்த வசதி எல்லா நெட்வொர்க்கிலும் இல்லை.

அதனால், கட்டணம் கம்மி என்று பணத்தைப் போடும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. பணத்தை வெளியே எடுக்க எத்தனை நாள் ஆகும்? சீக்வென்சர் நின்றாலும் எடுக்க முடியுமா? நெட்வொர்க்கின் விதிகளை மாற்றும் சாவி யார் கையில் இருக்கிறது? ‘எல்2பீட்’ இணையதளம் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் இந்த விவரங்களைத் தொகுத்து, 0 முதல் 2 வரை நிலைகளாகப் பிரித்துத் தருகிறது. இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும்.