அந்திமஸ்ம்ருதியும் மாறனேரி நம்பியும்

உயிர் பிரியும் தறுவாயில் எம்பெருமானை நினைக்க இயலாதவனுக்குப் பேறு உண்டோ என்னும் ஐயம் ஆஸ்திக இல்லங்களில் இன்றும் எழுகின்றது. வாழ்நாள் முழுதும் திருவாய்மொழியை அநுஸந்தித்த முதியவர், மறதிநோயால் பெற்ற மக்களையும் அறியாதிருப்பதைக் காண்பவர்க்கு அவ்வையம் பெருந்துயரமாகும். இறுதிக்காலத்து நினைவுக்கேற்பவே கதி அமையும் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுதலால், இவ்வச்சம் காரணமற்றதன்று.

பெரியாழ்வார் இந்நிலையை முன்னரே திருவுள்ளம்பற்றினார். தம் திருமொழியின் நான்காம் பத்துப் பத்தாம் பதிகத்தில், தளர்ச்சியுற்ற காலத்தில் நினைக்கமாட்டாமையை எண்ணி, தெளிவுள்ள காலத்திலேயே திருவரங்கநாதனிடம் விண்ணப்பம் செய்துவைத்தார். அதற்கு விடைபோல் அமைந்தது, ஸ்ரீவராஹநாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்த சரமச்லோகம். மனமும் உடலும் நன்னிலையில் இருக்கும்போது ஒருவன் தன்னை நினைத்தானாகில், பின்பு அவன் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் காலத்தில் தானே அவனை நினைத்துப் பரமகதிக்குக் கொண்டுசெல்வதாக எம்பெருமான் அங்கு உறுதி கூறுகின்றான். வேதாந்த தேசிகன் இதன் பொருளை விரித்து ரஹஸ்யசிகாமணி அருளினார். உபாஸகனுக்கு அந்திமஸ்ம்ருதி அவனே முயன்று பெறவேண்டியது. ப்ரபந்நனுக்கோ அந்நினைவின் பொறுப்பு எம்பெருமானுடையது.

இப்பொருளுக்கு மாறனேரி நம்பியின் சரிதம் சான்று. ஆளவந்தாரின் சீடரான இவர், தம் ஆசார்யன் திருமேனியை வருத்திய ராஜபிளவை நோயைப் ப்ரஸாதமாக வேண்டிப் பெற்றார். அந்நோயின் வேதனையால் அவருக்கு இறுதியில் எம்பெருமானைப் பற்றிய நினைவு இல்லாதிருப்பின் கதி யாது என உடையவர் வினவ, பெரியநம்பி வராஹநாயனாரின் வார்த்தையையே ப்ரமாணமாகக் காட்டினார் என்பது ஐதிஹ்யம். நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளியபின், குலத்தைக் கருதியோரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, பெரியநம்பி தாமே ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். ஜடாயுவுக்குப் பெருமாளும், விதுரருக்குத் தர்மபுத்ரரும் செய்தது அவர்க்கு முன்மாதிரியாயிற்று.

ஆதலின், நினைவிழந்த பெரியோரிடத்து உற்றார் செய்யத்தக்கது யாதென்பதும் தெளிவாகின்றது. அவர்க்குப் பேறு கிட்டுமோ எனக் கலங்குதல் எம்பெருமானின் வார்த்தையை ஐயுறுதலாகும். அவர் அருகிருந்து திவ்யப்ரபந்தம் ஸேவிப்பது, அவர் விட்ட நினைவை ஈடுசெய்வதற்காக அன்று, பாகவத கைங்கர்யமாகவே. அவர்க்குப் பின் திருநக்ஷத்திரந்தோறும் அவர் அநுஷ்டானத்தைச் சிறுவர்க்கு எடுத்துரைப்பதும் அக்கைங்கர்யத்தின் தொடர்ச்சியே.