மருந்து மட்டும் போதுமா?

முதுமை அடைந்த பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டியவை யாவை? இவ்வினாவை எழுப்பினால் நம்மில் பலரும் தயங்காது விடை தருவோம்: வேளைக்கு உணவு, உடுக்க உடை, இருக்க இடம், நோய்க்கு மருந்து. இந்நான்கும் கிடைத்துவிட்டால் கடமை நிறைவேறியது என்பது நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு. அக்கணக்கில் ஒன்று விடுபட்டுவிட்டது என்பதை ஆரவாரமின்றி, சிரிக்கச் சிரிக்க எடுத்துரைக்கும் ஒரு சிறிய தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி நம் குடும்பங்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். மதுமிதா இயக்கி, 2019-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ என்பதே அப்படம்.

எண்பதும் எட்டும்

கருப்புதுரைக்கு வயது எண்பது. மூன்று மாதங்களாக நினைவிழந்து படுக்கையில் கிடக்கிறார். பிள்ளைகள் பொறுமை இழக்கின்றனர். தென் மாவட்டங்கள் சிலவற்றில் மறைவாக நடந்துவந்துள்ள ‘தலைக்கூத்தல்’ எனும் வழக்கத்தைக் கைக்கொள்ள முடிவு செய்கின்றனர். முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டி, இளநீரை மிகுதியாகப் புகட்டி, இயற்கையாக இறந்தார் என ஊரார் நம்பும்படி உயிரைப் போக்கும் கொடுமை அது. சட்டத்தின் முன் அது கொலை. நினைவு திரும்பிய கருப்புதுரையின் செவியில் இப்பேச்சு விழுகிறது. அவர் வீட்டை விட்டு வெளியேறுகிறார்.

இதைக் கதாசிரியரின் கற்பனை என ஒதுக்கிவிட முடியாது. 2010-ஆம் ஆண்டில் தென்தமிழகத்தில் எண்பது வயது முதியவர் ஒருவர், தம் குடும்பத்தார் இவ்வாறு பேசிக்கொண்டதைக் கேட்டு, உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்த செய்தி நாளேடுகளில் வெளிவந்தது.

படத்தின் உயிர்நிலை அடுத்த பகுதியில் இருக்கிறது. வழியில் ஒரு கோயிலில் வளரும் எட்டு வயதுச் சிறுவன் குட்டியைக் கருப்புதுரை சந்திக்கிறார். பெற்றோர் இல்லாத பிள்ளை அவன். பெரியவரின் பெயரை ‘கே.டி.’ என்று சுருக்கிவிடுகிறான். அவருக்கு என்னென்ன ஆசைகள் உண்டு என்று கேட்டு ஒரு பட்டியல் போடுகிறான். அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்ற இருவரும் ஊர் ஊராகப் புறப்படுகின்றனர். பிரியாணி உண்ண வேண்டும். இளமையில் நேசித்த வள்ளியை ஒரு முறை காண வேண்டும். இத்தகைய எளிய ஆசைகளே அவை. பெற்ற பிள்ளைகள் ஒருநாளும் கேட்டிராத கேள்வியை முன்பின் அறியாத ஒரு சிறுவன் கேட்கிறான். அந்தக் கேள்விதான் முதியவரைப் பிழைக்க வைக்கிறது.

கருப்புதுரையாக நடித்திருப்பவர் மு. இராமசாமி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராய் இருந்தவர். நடிப்பதே தெரியாத நடிப்பு அவருடையது. குட்டியாக வரும் நாகவிஷாலோ பெரியவருக்குச் சரிக்குச் சரி நின்று வாயாடுகிறான்.

முதுமையைத் தமிழ்த் திரை தொடுவது இது முதன்முறை அன்று. பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989), சொக்கலிங்க பாகவதரின் நடிப்பில், மனைவியை இழந்து நகரத்து உறவினர் வீட்டை நாடி வரும் முதியவரின் நிலையைக் காட்டியது. தேசிய விருதும் பெற்றது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’, 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது; அதுவும் தலைக்கூத்தலைப் பற்றியதே. அவ்விரண்டும் நெஞ்சைக் கனக்கச் செய்வன. கருப்புதுரையின் கதையோ நட்பைக் கொண்டு அக்கனத்தை இறக்கி வைக்கிறது.

கண்டவர்கள் கூறியவை

தாத்தா பாட்டிகள், முதியோர் உலக நாளையொட்டி எம் பங்கு மன்றத்தில் இப்படத்தை எல்லாருமாக அமர்ந்து கண்டோம். பங்குக் குடும்பங்களோடு, காவிரிக்கு அக்கரையிலிருந்து அவர்தம் நண்பர்கள் சிலரும் வந்திருந்தனர். படம் முடிந்தபின் எவரும் உடனே எழவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டவர் பலர். பின்னர் ஒவ்வொருவராகப் பேசலாயினர்.

பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், வெளிநாட்டிலிருக்கும் தம் மகன் நாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்து மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதை நன்றியோடு குறிப்பிட்டார். ஆயினும், இன்று என்ன பார்த்தீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று அவன் கேட்டால் அரைமணி நேரம் பேசுவதற்குத் தம்மிடம் செய்தி உண்டு என்றார்.

திருவரங்கத்தில் உத்திர வீதியில் மனைவியோடு தனித்து வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வேறொன்றைச் சொன்னார். அண்டை வீட்டுச் சிறுவன் மாலைதோறும் கணக்குக் கற்க வருகிறானாம். அவனுக்குத் தாம் கணக்குச் சொல்லித் தருவதாக ஊரார் நினைக்கின்றனர். உண்மையில் தம் நாளுக்கு ஒரு பொருளை அவன்தான் சொல்லித் தருகிறான் என்றார் அவர்.

நெடுநேரம் மௌனமாயிருந்த ஒரு தாய் இறுதியில் பேசினார். ஆறு ஆண்டுகளாகப் படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கவனித்து வருபவர் அவர். முதியவரின் ஆசையைக் கேட்க ஒரு குட்டி வந்தான். இரவும் பகலும் பணிவிடை செய்பவளின் ஆசையைக் கேட்க எவர் வருவார் என்று வினவினார். மன்றத்தில் ஒருவரும் மறுமொழி கூறவில்லை. படத்தில் நான் காணும் குறையும் இதுவே. பாரம் சுமந்து களைத்தவர்களின் உள்ளத்தை அது போதிய அளவு திறந்து காட்டவில்லை. களைத்தவருக்குத் துணை நிற்காத குடும்பத்தில்தான் கொடிய எண்ணங்களுக்கு இடம் கிடைக்கிறது.

மறுவாரம் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். படம் பார்த்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், “அப்பாயி, உனக்கு என்ன ஆசை?” என்று தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறான். பள்ளியில் உடன் படித்த தோழி திருவரங்கத்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்க வேண்டும் என்றாராம் பாட்டி. சத்திரம் பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்து ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் அரைமணி நேரப் பயணம். அந்த அரைமணித் தொலைவைக் கடக்க அம்மூதாட்டி பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார்! வீட்டில் அவரைத் தடுத்தவர் எவருமில்லை. அழைத்துச் சென்றவரும் இல்லை. பேரன் அழைத்துச் சென்றான். தோழியர் இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு பேசாமலே வெகுநேரம் அமர்ந்திருந்தனராம்.

கடலுக்கு அப்பாலும்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துயரம் அன்று. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த, ஜோன் பிளௌரைட் நடித்த ‘மிஸஸ் பால்ஃபிரி அட் த கிளேர்மான்ட்’ எனும் படம், இலண்டனில் ஒரு தங்கும் விடுதியில் முதுமையைக் கழிக்க வந்த கைம்பெண்ணின் கதை. எழுத்தாளர் எலிசபெத் டெய்லர் 1971-இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. அந்த அம்மையாருக்கு உணவுக்கோ உறைவிடத்துக்கோ குறைவில்லை. ஆனால் சொந்தப் பேரன் எட்டிப் பார்ப்பதில்லை. தெருவில் இடறி விழுந்தபோது தாங்கிப் பிடித்த ஓர் ஏழை இளம் எழுத்தாளனே பேரனாக நடிக்கத் தொடங்கி, பேரனினும் மேலானவனாகிறான். செல்வம் மிகுந்த அந்த நகரத்திலும் முதுமையின் பசி ஒன்றே. அதைத் தீர்ப்பதும் நட்பு ஒன்றே.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட பெற்றோர் அதன்படி அமைந்த தீர்ப்பாயத்தை அணுகி, மாதம் ரூ. 10,000 வரை பராமரிப்புத் தொகை பெற வழியுண்டு. அறியாதவர்க்கு இதனை எடுத்துக் கூறுவது நம் கடமை. எனினும் சட்டம் சோறு வாங்கித் தரும். தோழமையை வாங்கித் தராது.

அதனை நாமே தர வேண்டும். அதற்குச் செலவு சிறிதே. இவ்வாரம் உங்கள் இல்லத்து முதியவரின் அருகில் அமர்ந்து, அவருடைய ஆசை யாது எனக் கேளுங்கள். பெரும்பாலும் அது ஒரு பேருந்துப் பயணமாகவோ, ஒரு வேளை விருப்ப உணவாகவோ, பழைய நண்பரின் முகமாகவோ இருக்கும். சிறுவர்களைப் பெரியவர்களோடு பழக விடுங்கள். முதியவரைப் பேணும் மருமகளுக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு தந்து, அப்பணியை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தெருவில் தனித்திருக்கும் முதியவர் எம்மதத்தவராயினும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நல்ல படத்தைக் கண்டு கண்ணீர் விடுவது எளிது. விளக்குகள் ஏற்றப்பட்டதும் அக்கண்ணீர் காய்ந்துவிடும். பார்த்த படத்துக்கு நாம் செய்யும் உண்மையான பாராட்டு, குட்டி கேட்ட அக்கேள்வியை நம் வீட்டில் நாமே கேட்பதுதான். கேட்கப்பட வேண்டியவர் இன்று நம்மோடு இருக்கிறார். நாளைக்கு என்று அதனைத் தள்ளி வைக்க வேண்டா.