மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் சிவப்புத் தூசி

மார்கழி பிறந்ததும் டெல்டா கிராமங்களில் சில வீட்டு வாசலில் கோலத்துக்கு இடமிருக்காது. டிராக்டர் அக்கக்காகக் கழன்று கிடக்கும். சம்பா அறுவடைக்கு இன்னும் நாளிருக்கிறது. கொம்புக்கு வண்ணம் பூச மாடில்லாத வீட்டில் மாட்டுப் பொங்கலன்று சந்தனப் பொட்டு வாங்கிக்கொள்வது வண்டிதான். அதைத் துரு தெரியவா நிறுத்துவது?

பட்டுக்கோட்டைப் பக்கம் நான் பார்த்த சிவப்பு வண்டிக்கு வயது 40. பட்டறைக்கு விடுவதில்லை, எல்லாம் உரிமையாளர் கைவேலைதான். முதலில் டீசல், பிறகு சோப்புத் தூள் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு துளி மிஞ்சினாலும் பெயின்ட் தோல் தோலாக உரியும் என்கிறார். ரேடியேட்டரையும் சேசிஸ் எண்ணையும் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். தேய்த்த இடத்தில் ரெட் ஆக்சைடு, நெளிசலில் பட்டி, அதன்மேல் எனாமல் மெல்லிசாக இரண்டு கோட். காலை 10 மணிக்குமேல் தொடங்கி 3 மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டுமாம். காயாத எனாமலில் பனி இறங்கினால் பளபளப்பு போய் வெளுத்துவிடும். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் பதிவாகியிருப்பதால் பழைய சிவப்பேதான்.

இந்த அழகையெல்லாம் எழுதத்தான் போனேன். பழைய பெயின்டைத் தேய்க்க அவர் கிரைண்டரை ஓடவிட்டதும் கவனம் சிதறிவிட்டது. திண்ணை, துளசி மாடம், கொடியில் காயும் பள்ளிச் சட்டை எல்லாவற்றிலும் சிவப்புத் தூசி. மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதோடு சரி. பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட்களில் நிறத்துக்காகவே ஈயக் குரோமேட் சேர்ப்பதுண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. கோழி கொத்தினால் முட்டையிலும் ஏறும். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இயந்திரப் பெயின்டை அது தொடவில்லை. இந்த வண்டியோ அந்த விதிக்கு 30 ஆண்டு மூத்தது.

"வயல்ல அடிக்கிற மருந்தைவிடவா சார் இது?" என்றார். நியாயம்தான். ஆனாலும் மருந்தடித்த வயலில் அவர் பேத்தி தவழ்வதில்லையே. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தால் தூசி பறக்காது, கீழே தார்ப்பாய் விரித்தால் வழிவதை அள்ளிவிடலாம் என்றேன்.

மறுநாள் கிரைண்டர் பரணுக்குப் போயிருந்தது. தார்ப்பாய் மட்டும் அறுவடைக்கு வேண்டுமாம், கறை படக் கூடாதாம். சாயங்காலம் வாசலைக் கழுவிவிட்டார். சிவப்புத் தண்ணீர் வேலியோரமாக ஓடி, பொங்கலுக்கென்று விட்டிருந்த பரங்கிக் கொடியடியில் தேங்கியது.