கால் அசையாவிட்டாலும் கார் ஓடும்!

முதுகுத்தண்டில் அடிபட்டவர் மீண்டும் லைசென்ஸ் பெறுவது எப்படி?

தென்னை மரத்தில் ஏறியவர் பிடி நழுவி விழுகிறார். சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்த கொத்தனார் பலகையோடு சரிகிறார். மோட்டார் சைக்கிளில் போனவர் மீது லாரி மோதுகிறது.

உயிர் பிழைத்து விடுகிறது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கால் இருக்கிறது, காலுக்குக் கட்டளை போகவில்லை!

அதன் பிறகு அவர் வண்டி ஓட்ட முடியுமா?

"அது எப்படி முடியும்?" என்று ஊரார் கேட்பார்கள். பலருக்கு முடியும் என்கிறது மருத்துவம். சோதித்துப் பார்த்து லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது சட்டம்.

திருவரங்குளத்து வாலிபர்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அரங்குளநாதர் கோவிலால் பேர் பெற்ற ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் இரண்டுக்கும் புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும்.

இந்த ஊரில் ஒரு வாலிபர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேங்காய் வியாபாரம் செய்தவர். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து விட்டது. இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

நல்ல கால் உள்ளவருக்குப் புதுக்கோட்டை பெரிய தூரம் அல்ல. கையைக் காட்டி பஸ் ஏறலாம். இவருக்கோ பஸ்ஸின் முதல் படியே மலை! வாடகைக் கார் பிடிக்க வேண்டும். தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். கூட வருகிறவர்களுக்கு அன்றையக் கூலி போச்சு!

இப்படி எத்தனை நாள் போவது? "நானே ஓட்டினால் என்ன?" என்று அவருக்குத் தோன்றுகிறது.

அம்மாவிடம் சொல்கிறார். "வேண்டாம் ராசா, ஒரு தடவை பட்டது போதாதா?" என்கிறாள் தாய்.

தாயின் பயம் நியாயமானது. மகனின் ஆசையும் நியாயமானது. இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் சோதனை இருக்கிறது.

சைக்கிள் சொன்ன பாடம்

புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதிய பாடம் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிள் ஓட்டவும் படித்தார்கள். ஆயிரக் கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள்.

முதலில் ஊர் கேலி செய்தது. பிறகு பழகி விட்டது. தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஆண் துணைக்குக் காத்திருந்த பெண்கள், தாங்களே போனார்கள். சக்கரம் இருந்தால் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும்.

எந்த எலும்பு முறிந்தது?

முதுகுத்தண்டு என்பது மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் தந்திக் கம்பி போன்றது. எந்த இடத்தில் அறுந்ததோ, அதற்குக் கீழே செய்தி போகாது. மேலே உள்ள உறுப்புகள் வேலை செய்யும்.

கழுத்தில் 7 எலும்புகள். மார்புக்குப் பின்னால் 12. இடுப்பில் 5. மார்புப் பகுதியின் கீழே அடிபட்டால் கால்கள் போகும். கைகள் நன்றாக இருக்கும். கழுத்தில் அடிபட்டால் கைகளும் பாதிக்கப்படும்.

ஆகவே "முதுகுத்தண்டில் அடி" என்ற ஒரே சொல்லை வைத்து, வண்டி ஓட்டலாம் என்றோ கூடாது என்றோ சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால்தான் ஒவ்வொருவரையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

டாக்டர் என்ன பார்ப்பார்?

முறிந்த எலும்பு நன்றாகக் கூடி விட்டதா? கையில் எவ்வளவு பலம்? சாயாமல் உட்கார முடிகிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? இவை முதல் கேள்விகள்.

முதுகில் கம்பியும் திருகாணியும் வைத்துத் தைத்தவர்களுக்கு உடம்பைத் திருப்புவது கடினம். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கூடுதல் கண்ணாடி வேண்டும்.

சிலருக்குக் கால் தானாக வெட்டி இழுக்கும். அந்தக் கால் பிரேக் மிதியில் போய் விழுந்தால் ஆபத்து! அதனால் மிதிகளின் மேல் தடுப்புத் தகடு போடுகிறார்கள். வெட்டி இழுப்பதற்குக் கொடுக்கும் மருந்து தூக்கம் வரவழைக்கலாம். அதையும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

விபத்தில் தலையிலும் அடிபட்டிருந்தால் ஞாபகம், கவனம், சட்டென்று முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றையும் சோதிப்பார்கள்.

வண்டி ஏறுபவர் மறக்கக் கூடாத விஷயங்கள் மூன்று உண்டு.

ஒன்று: உணர்ச்சி இல்லாத கால் சூடான சைலன்சரில் பட்டாலும் தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். ஆகவே செருப்பு போதாது, ஷூ வேண்டும். கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டு: ஒரே நிலையில் உட்கார்ந்தால் புட்டத்தில் படுக்கைப் புண் வரும். நல்ல மெத்தை வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தி, கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

மூன்று: சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டுப் புறப்பட வேண்டும். கழுத்திலோ மார்பின் மேல் பகுதியிலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர் தேங்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிப்பது போல் வலிக்கும். அந்த நிலையில் வண்டி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

கையே பிரேக்!

கால் இல்லாமல் பிரேக் எப்படி? கையால்தான்!

காரில் ஸ்டீயரிங் அருகே ஒரு நெம்புகோல் பொருத்துவார்கள். முன்னால் தள்ளினால் பிரேக் பிடிக்கும். இழுத்தால் அல்லது திருகினால் வேகம் கூடும். கியர் தானாக மாறும் காராக இருந்தால் கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை. ஒரு கை நெம்புகோலில் இருப்பதால், மறு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்ற ஒரு குமிழ் வைப்பார்கள்.

கார் வாங்க வசதி இல்லையா? ஸ்கூட்டர் இருக்கிறது. பின்னால் இரு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்தால் வண்டி சாயாது. இரு கால்களும் செயல் இழந்து, கைகள் நன்றாக உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இத்தகைய ஸ்கூட்டரை இலவசமாக வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

ஆனால் மார்பளவில் அடிபட்டு, உடம்பு நேராக நில்லாதவருக்கு வெறும் ஸ்கூட்டர் சரிப்படாது. முதுகுச் சாய்மானமும் இடுப்பு வாரும் தேவை. இதையும் சோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

சட்டம் மாறியது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் "இன்வாலிட் காரேஜ்" என்று ஒரு பெயர் இருந்தது. நோயாளி வண்டி என்று பொருள். அது உடல் ஊனமுற்றவருக்கென்றே தனியாகச் செய்த வண்டியாக இருக்க வேண்டும். சாதாரண வண்டியை மாற்றி அமைத்தது மட்டும் போதாது என்றது சட்டம்.

கடையில் வாங்கிய காருக்கு நெம்புகோல் வைத்தவர்கள் என்ன ஆவது? திண்டாடினார்கள்.

2019-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. பழைய பெயர் போயிற்று. "மாற்றி அமைத்த வண்டி" என்ற புதுப் பெயர் வந்தது. தனியாகச் செய்த வண்டியும் சரி, பிறகு மாற்றி அமைத்த வண்டியும் சரி என்று ஆயிற்று. சொந்த வண்டியை மாற்றி அமைத்துவிட்டுப் பிறகு அதிகாரியின் ஒப்புதல் பெறவும் வழி பிறந்தது.

லைசென்ஸ் விஷயத்தில் 8-வது பிரிவு முக்கியமானது. ஒருவரின் ஊனத்தால் பொதுமக்களுக்கு ஆபத்து என்று தோன்றினால் சாதாரண லைசென்ஸை மறுக்க வேண்டும். ஆனால் மாற்றி அமைத்த வண்டியை ஓட்டத் தகுதி உள்ளவர் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், அந்த வண்டிக்கு மட்டும் பழகுநர் லைசென்ஸ் கொடுக்கலாம்.

பழைய லைசென்ஸ் பையில் இருக்கிறதே என்று நம் வாலிபர் வண்டியை எடுத்துவிடக் கூடாது. விபத்து நடந்தால் வழக்கும் வரும். இன்சூரன்ஸ் தகராறும் வரும். அடிபட்டதை மறைக்காமல் சொல்லி, புதிய நிலைமைக்கு ஏற்ற லைசென்ஸ் வாங்குவதே நல்லது.

முதலில் டாக்டர் சர்டிபிகேட். பிறகு பழகுநர் லைசென்ஸ். அதற்குச் சாலை விதிகளும் சின்னங்களும் தெரிந்திருக்க வேண்டும். அது 6 மாதம் செல்லும். வண்டியில் முன்னும் பின்னும் சிவப்பில் "எல்" எழுத்து வேண்டும். 30 நாள் பழகிய பிறகு ஓட்டிக் காட்டும் சோதனைக்குப் போகலாம். தான் ஓட்டப் போகும் அதே மாதிரி வண்டியில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

மறுத்தால்?

"உனக்கெல்லாம் லைசென்ஸா?" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 17-வது பிரிவு. அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

வழி காட்டியவர்கள்

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெண்மணி இருந்தார். 1954-ல் கார் விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு முறிந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது அவருடைய உழைப்பால்தான்.

ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கப்பற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கிறார்கள். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது.

வண்டி ஓட்டிக் காட்டியவர் தீபா மாலிக். 1999-ல் முதுகுத்தண்டில் கட்டி வந்து, ஆபரேஷனுக்குப் பின் மார்புக்குக் கீழே செயல் இழந்தார். விடாமல் முயன்று மோட்டார் பந்தய லைசென்ஸ் வாங்கினார். 2009-ல் பனிக்கும் மேட்டுக்கும் நடுவே நடந்த இமயமலைப் பந்தயத்தில் கலந்துகொண்டார். 2016-ல் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக்கில் குண்டு எறிந்து வெள்ளிப் பதக்கம் வாங்கியவரும் அவரே!

தாயின் கேள்வி

நம் வாலிபரின் தாய்க்கு இன்னும் பயம் தீரவில்லை. "வழியில் வண்டி நின்று போனால் என்ன செய்வே?" என்று கேட்கிறாள்.

நல்ல கேள்வி! அதற்கும் ஏற்பாடு வேண்டும். செல்போனில் சார்ஜ் இருக்க வேண்டும். உதவிக்கு வரக்கூடிய இரண்டு பேரின் எண் இருக்க வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். மடக்கும் நாற்காலி கூடவே போக வேண்டும். முதல் சில மாதம் இரவில் ஓட்ட வேண்டாம்.

சோதனையில் "இப்போது வேண்டாம்" என்று சொன்னால் மனம் உடையக் கூடாது. கைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி போகலாம். ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னால் அதையும் ஏற்க வேண்டும். சாலையில் மற்றவர் பிள்ளைகளும் நடக்கிறார்கள் அல்லவா?

தேறி விட்டால்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு கொடுக்கப் போக வேண்டும். வாடகைக் கார் வேண்டாம். தூக்க ஆள் தேட வேண்டாம். தம்பி கூலியை விட்டு வர வேண்டாம்.

"ஏறு அம்மா, போகலாம்" என்று மகன் கூப்பிடுவான். தாய் பின்னால் உட்கார்ந்து வருவாள்.