பிழையைச் சுட்டும் முறை



முப்பதாண்டுகளுக்கு மேலாக விடைத்தாள் திருத்தியவன் நான். சிவப்பு மையால் 'தவறு' என்று எழுதித் தாளைத் திருப்பித் தருவது எளிது. எவ்விடத்தில் என்ன தவறு, அதனைத் திருத்துவது எங்ஙனம் என்று எழுதித் தருவதே ஆசிரியரின் கடமை. கணிப்பொறிக்கும் இக்கடமை உண்டு என்பதை மத்திகிரியில் என் அண்டை வீட்டில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று எனக்கு உணர்த்தியது.

அவ்வீட்டு மாணவி, கல்லூரிச் சேர்க்கைக்குரிய இணையப் படிவத்தைக் கடைசி நாள் இரவில் நிரப்பி அனுப்பினாள். "பிழை நேர்ந்தது" என்ற ஒற்றை வரி வந்தது. நிரப்பிய கட்டங்கள் யாவும் வெறுமையாயின. மும்முறை முயன்றும் அதுவே விளைவு. பிறகு என்னை அழைத்தாள். மாநிலம் தமிழ்நாடு என்றிருந்தது; அஞ்சல் குறியீட்டு எண்ணோ, அவள் விடுதியில் தங்கிப் படித்த பெங்களூருக்குரியதாய் 560 என்று தொடங்கியது. எங்கள் பக்கத்து எண்கள் 635 என்றல்லவா தொடங்கும்! எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கு இம்மயக்கம் இயல்பே. அதனைக் கண்டுபிடிப்பதற்குள் நள்ளிரவு கடந்தது, படிவமும் மூடப்பட்டது.

நடந்திருக்க வேண்டிய முறை யாது? படிவத்தை நாம் நிரப்புவது உலாவியில். அது சென்று சேர்வது சர்வர் எனப்படும் வழங்கியில். உலாவியிலேயே சோதனை வைக்கலாம். ஆனால், விவரமறிந்தவர் அதனைத் தாண்டிச் செல்ல இயலும். மேலும், ஒரு கைப்பேசி எண் முன்னரே பதிவாகியுள்ளதா என்பதை வழங்கியே அறியும். ஆகவே இறுதிச் சோதனை வழங்கியில்தான் நிகழ வேண்டும்.

பிழை கண்ட வழங்கி முழுப் பக்கத்தையும் மீண்டும் அனுப்ப வேண்டுவதில்லை. ஜேசன் வடிவில் ஒரு சிறு குறிப்புப் போதும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவரும் அவர் தோழர்களும் 2001-ஆம் ஆண்டில் பயன்படுத்தத் தொடங்கிய எளிய எழுத்துமுறை அது. தமிழையும் தடையின்றி ஏற்கும். அதில் பெயரும் அதற்குரிய செய்தியும் இணையிணையாக நிற்கும்:

{"பிழைகள்": {"அஞ்சல்_எண்": "இவ்வெண் தமிழ்நாட்டிற்குரியதன்று", "கைப்பேசி": "பத்து இலக்கங்கள் வேண்டும்"}}

இதனுடன் 422 என்னும் நிலைக்குறியீடும் செல்லும். 'வந்த செய்தியின் வடிவம் சரி. உள்ளடக்கம் ஏற்கத்தக்கதன்று' என்பது அதன் கருத்து. வெற்றிக்குரிய 200-ஐ இங்கு அனுப்புவது, தோற்ற மாணவனுக்குத் தேர்ச்சிச் சான்று தருவதை ஒக்கும்.

உலாவியிலுள்ள நிரல் அக்குறிப்பைப் படித்து, ஒவ்வொரு செய்தியையும் உரிய கட்டத்தின் கீழே காட்டும். பக்கம் மாறாமையால் நிரப்பியவை அப்படியே இருக்கும்.

நாளை நிரல் எழுதவிருக்கும் நீங்கள் மூன்றினை மறவாதீர்கள். பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒருங்கே சொல்லுங்கள். கட்டத்தின் பெயரைச் சுட்டுங்கள். திருத்தும் வழியைத் தெளிந்த மொழியில் கூறுங்கள்.

அம்மாணவி இப்பொழுது வேறொரு கல்லூரியில் கணிப்பொறியியல் பயில்கிறாள். தான் அமைத்த முதற் படிவத்தை என்னிடம் காட்டினாள். வேண்டுமென்றே அஞ்சல் எண்ணைத் தவறாக இட்டேன். அக்கட்டத்தின் கீழே மட்டும் சிவப்பில் ஒரு வரி தோன்றியது. ஏனையவை இருந்தபடியே இருந்தன. முழு மதிப்பெண் அளித்தேன்.