குளிர் நாட்டுக்குப் போன திராட்சை

அலோர் காஜா வட்டாரத் தோட்டம் ஒன்றில் என் தாத்தா பால்மரம் சீவினார். அதே மண்ணில் என் அப்பா செம்பனைக் குலை வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பயிர் மாறினால் மனிதர்களும் இடம்பெயர்வார்கள் என்பதை வீட்டிலேயே கண்டவன் நான். இங்கிலாந்தில் திராட்சை விளையும் செய்தி என்னை ஈர்த்ததற்கு அதுவே காரணம்.

படிவம் 5 மாணவர்களுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். ஒயின் எங்கே தயாராகிறது என்று கேட்டால் பிரான்சு, இத்தாலி என்பார்கள். இங்கிலாந்தை யாரும் சொல்வதில்லை. ஆனால், அதன் தென்பகுதியிலுள்ள சசெக்ஸ், கெண்ட் வட்டாரங்கள் இன்று வளர்ந்துவரும் குளிர்நில ஒயின் பகுதிகள். 1988ஆம் ஆண்டு சசெக்சின் நைடிம்பர் தோட்டத்தில் சார்டொனே, பினோ நுவார், பினோ மூனியே ஆகிய ஷாம்பெய்ன் வகைத் திராட்சைகளை நடத் தொடங்கினர். 2015இல் பிரான்சின் புகழ்பெற்ற தைத்தாஞ்சே நிறுவனமே கெண்ட்டில் நிலம் வாங்கியது. 2017இல் கொடி நட்டது.

ஏன் இந்த மாற்றம்? திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். வெப்பம் மிகுந்தால் இரண்டும் விரைவாக நடக்கும். குளிர்ந்த இடத்தில் பழம் மெல்லப் பழுப்பதால் புளிப்பு தங்கும். நுரைக்கும் ஒயினுக்கு அந்தப் புளிப்பு மிக முக்கியம். வளர்பருவத்தின் சராசரி வெப்பம் 13 முதல் 15 பாகை செல்சியஸ் வரை உள்ள இடங்களைக் குளிர்நிலத் திராட்சைப் பகுதி என்பர். புவி வெப்பமடைய அடைய, தென் இங்கிலாந்து அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. ஆயினும் வசந்தகாலத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் இளந்துளிர்கள் கருகிவிடும். அப்போது கொடி வரிசைகளுக்கிடையே பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றிக் காவல் காப்பார்கள்.

நமக்கு நெருங்கிய திராட்சை தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அது. குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். கம்பத்தில் அந்த உறக்கம் கிடையாது. விவசாயி கவாத்து செய்து கொடியைப் புதிதாகத் துளிர்க்க வைக்கிறார். ஏறக்குறைய நான்கு மாதங்களில் அறுவடை. அதனால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் கிடைக்கும்.

நம் மலாக்காவும் ஒரு காலத்தில் புதுப்பயிரின் பூமிதான். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு போனார். மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் ரப்பர் பரவப் பரவ, அதன் பின்னால் நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். எந்தப் பயிரை எங்கே நடுவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

மாணவர்களே, குடிப்பழக்கத்தைப் புகழ நான் இதை எழுதவில்லை. கள்ளும் சம்சுவும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். ஆனால், கள் பானையில் பொங்கிய நுரைக்குள் அறிவியல் இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு எத்தனாலையும் கரிவளியையும் வெளியிடுகிறது. ரொட்டி மாவு உப்புவதும் இந்தக் கரிவளியால்தான். நொதித்தலைக் கற்றவருக்கு உணவுத் தொழில், மருந்துத் துறை, உயிரித் தொழில்நுட்பம் எனப் பல கதவுகள் திறக்கும்.

சசெக்சின் பிளம்ப்டன் கல்லூரியில் திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் பட்டப்படிப்பாகவே உள்ளன. நம் நாட்டில் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம் வேளாண்மையும் உணவு அறிவியலும் கற்பிக்கிறது. எஸ்.பி.எம். முடித்ததும் மருத்துவம், பொறியியல் என்று மட்டும் யோசிக்காதீர்கள். மண்ணையும் வானிலையையும் படிக்கும் துறைகளையும் பாருங்கள்.

டுரியான் நன்கு பூக்கச் சில வாரங்கள் மழையின்றி இருக்க வேண்டும். மழைக்காலம் முன்பின்னானால் நம் ஊர்க் காய்ப்பும் மாறும். அப்போது அடுத்த பயிரைத் தீர்மானிப்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.